வாசலுக்கு வராதவர்கள்

நகைக்கடன் ஏலப் பட்டியலில் கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம் போதும். கடன் எண், பெயர், ஊர், எடை, அசல், வட்டி, நோட்டீஸ் போன தேதி எல்லாம் வரிசையாக அடித்து வந்துவிடும். ஒவ்வொரு தாளின் அடியிலும் மேலாளர் கையெழுத்து. 2004 மார்ச் மூன்றாம் வாரம், மேலூருக்குக் கிழக்கே நான் மேலாளராக இருந்த வங்கிக் கிளையில் அப்படியொரு பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். பதினேழு பெயர்கள். ஒன்பதாவது பெயர் ஒரு மூதாட்டியுடையது. அடகுப் பொருள் ஒரு சோடி தண்டட்டி.

மதுரைப் பக்கத்தில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்குத் தண்டட்டி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. காது வளர்த்த அப்பத்தாக்கள் தோளைத் தொடும்படி தொங்கவிட்டிருந்த நகை. வெளியே பொன் தகடு, உள்ளே அரக்கு. அடகு பிடிக்கும்போது தராசில் வந்த எடையிலிருந்து அரக்குக்கென்று ஒரு பங்கைக் கழித்துத்தான் எழுதுவார்கள். எங்கள் கிளையின் மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு மாற்றுச் சொல்வார். நான் அங்கிருந்த நான்கு வருஷத்தில் அவர் சொன்னது ஒருமுறைகூடப் பிசகியதில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

அந்தக் கோப்பில் திரும்பி வந்த பதிவுத் தபால் உறைகள் இரண்டு இருந்தன. இரண்டின் மேலும் தபால்காரர் எழுதியிருந்தார்: வீடு பூட்டியிருக்கிறது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் மட்டும், வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போன மூன்று குடும்பங்களின் கடன்கள் நின்றுபோயிருந்தன. பூட்டிய வீடு என்று படித்ததும் என் மனதில் வந்து நின்றவை அந்த மூன்று முகங்கள்தான். இந்த மூதாட்டியின் முகம் வரவே இல்லை. மண்டல அலுவலகத்திலிருந்து தினமும் காலையில் போன் வரும்: மார்ச் 31க்குள் வாராக்கடனில் எவ்வளவு குறையும்? கையெழுத்துப் போட்டேன். தாள்களை வாங்கிக்கொள்ள மேசைக்கு அந்தப் பக்கம் பியூன் நின்றிருந்தார். அவர் அந்த மூதாட்டியின் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். இரண்டு ஊருக்கும் ஒரே கண்மாய்ப் பாசனம்.

மதுரையில் பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்று ஓர் இடம் இருக்கிறது. கோவலன் வெட்டுண்ட இடம் அதுதான் என்பது ஊரார் நம்பிக்கை. தொல்லியல் துறை 1980வாக்கில் அங்கே அகழ்ந்து பார்த்தபோது மண்ணுக்குள் இருந்தவை அதைவிடப் பழைய ஈமத் தாழிகள். இருந்தாலும் பெயர் மாறவில்லை. ஒரு தவறான உத்தரவு நிறைவேறிய இடத்தை, இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு நகரம் தன் பேருந்துத் தடத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் கற்பின் கதையாகவும் மேடைகளில் நீதியின் கதையாகவும் கேட்டு வளர்ந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு கொலைக்களக் காதையை நிதானமாகப் படித்தேன். ஒரு கோப்பு எப்படி மேசைக்கு மேசை நகர்ந்து ஓர் உயிரைக் கொண்டுபோனது என்பதை இளங்கோ அடிகள் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்.

அன்று அரண்மனையில் கூத்து. ஆடுமகளிர்மேல் மன்னனின் கண் போனதென்று ஊடிய கோப்பெருந்தேவி, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். பாண்டியன் நெடுஞ்செழியன் மந்திரச் சுற்றத்தை விட்டு நீங்கி அவள் மாளிகையை நோக்கிப் போகிறான். அவனோடு வருகிறவர்கள் ஏவல் பெண்கள் மட்டும். அந்த நடையில், வாசலுக்கு முன்னே, பொற்கொல்லன் காலில் விழுகிறான். தேவியின் சிலம்பைத் திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். உண்மையில் திருடியவன் சொல்கிறவனே. மன்னனுக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் வேறு பல தெரிந்துகொள்ள வழியிருந்தது. பிடிபட்டவன் யார், எந்த ஊர், தனியாக வந்தானா, சிலம்பு ஒன்றா இரண்டா? ஒன்றும் கேட்கவில்லை. காவலரைக் கூப்பிட்டான், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவரச் சொன்னான், தேவியின் வாசலை நோக்கி நடந்தான்.

பொற்கொல்லன் சொன்ன கதையின் கட்டுக்கோப்பைக் கவனிக்க வேண்டும். கன்னக்கோல் இல்லாமல், கருவி ஏதும் இல்லாமல், மந்திரத்தால் காவலரை உறங்க வைத்துத் திருடியவன் என்கிறான். ஆகவே கோவலனிடம் கருவி ஒன்றும் கிடைக்காதது அவன் குற்றமற்றவன் என்பதற்குச் சான்றாகாது, அவன் கைதேர்ந்த கள்வன் என்பதற்குச் சான்றாகிவிடும். காவலர் போய்க் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் சாயல் கள்வன் சாயலாக இல்லையே என்று அவர்களே தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்து, கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் விரித்துச் சொல்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. களவு நூல் கற்றவன் பேச்சு அது. ஒரு காவலன் தன் அனுபவத்திலிருந்து ஒரு திருட்டுக் கதையைச் சொல்லி அதற்கு வலுவும் சேர்க்கிறான். அவர்கள் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே குடிவெறியில் இருந்த கல்லாத இளைஞன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

என்னை உறங்கவிடாமல் செய்வது அந்தக் காவலரின் தயக்கம். மன்னனுக்கு வராத சந்தேகம் கடைசிப் படியில் நின்றவர்களுக்கு வந்தது. வந்த சந்தேகத்தை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குத் திரும்பிப் போக அவர்களுக்குப் பாதை இல்லை. உத்தரவு கீழே இறங்க வழி இருந்தது. சந்தேகம் மேலே ஏற வழி இல்லை. இளங்கோ இதை ஊழ்வினை விளைந்த காலம் என்கிறார். ஆனால் ஊழ் என்று நம்பியவர், எந்தெந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்பதை இவ்வளவு துல்லியமாக ஏன் எழுத வேண்டும்? கூத்து முடிந்து அமைச்சர் உடனிருந்திருந்தால், ஒரு காவலன் திரும்பி ஓடியிருந்தால், சிலம்பின் பரல் என்னவென்று ஒருவன் கேட்டிருந்தால் என்று ஒவ்வொரு கதவையும் நமக்குத் திறந்து காட்டிவிட்டுத்தான் மூடுகிறார்.

பரலைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் கண்ணகி கேட்கிறாள். என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பில் முத்து. உடைத்துப் பார்க்கிறார்கள். கொற்கைத் துறையில் முத்துக் குளித்த பாண்டியரின் அரண்மனைச் சிலம்பில் முத்து இருப்பது யாருக்கும் தெரிந்த விஷயம். சிலம்பு கையில் இருந்தது, அதை உடைக்க ஒரு நொடி. முதல்நாள் அந்தக் கேள்விக்குச் செலவு ஒன்றுமில்லை. மறுநாள் அதன் விலை ஒரு மன்னன், ஒரு தேவி, ஒரு நகரம்.

முடிவெடுக்கும் மனத்தின் சாய்வுகளைப் பற்றி நம் காலத்தில் ஆழமாக ஆராய்ந்தவர் டேனியல் கானமன். உளவியலாளரான அவருக்கு 2002இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது, 2024இல் மறைந்தார். அவர் சொன்னவற்றில் என் மேலாளர் நாற்காலியைத் தொட்ட ஒன்று உண்டு. மனம் தன் முன்னால் கிடப்பதை வைத்து ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறது. முன்னால் வராதது என்ன என்று அது கேட்பதில்லை. கதை கோவையாக அமைந்துவிட்டால், சான்று எவ்வளவு குறைவாக இருந்தாலும் உறுதி பிறந்துவிடுகிறது. சொல்லப்போனால் சான்று குறையக் குறையக் கோவை கூடும். முரண்பட ஆளில்லை அல்லவா. பொற்கொல்லன் ஒருவன் மட்டும் பேசினான், அதனால்தான் அவன் கதை அவ்வளவு அழகாக இருந்தது. ஒருவன் கொண்டுவந்த செய்தியை இன்னொருவனை அனுப்பிச் சரிபார், மூன்று பேர் ஒருவரையொருவர் அறியாமல் ஒத்துச் சொன்னால் நம்பு என்று திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் அரசனுக்கு வழி வகுத்திருக்கிறது. நம் மண்ணுக்கு இது புதிய அறிவு இல்லை. அவசரத்தில் கை அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவே.

அவசரம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அதன் உள்ளேயும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் உடன் ஆய்வாளர்களும் தமிழகத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை, அறுவடைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும், ஒரே வகையான அறிவுச் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். 2013இல் முடிவு வெளியானது. அதே ஆள்தான், ஆனால் கையில் பணமில்லாத, நகை அடகில் கிடக்கிற அறுவடைக்கு முந்தைய வாரங்களில் அவர் மதிப்பெண் தெளிவாகக் குறைந்திருந்தது. அவருடைய அறிவு எங்கும் போய்விடவில்லை. கவலை அதில் ஒரு பெரும் பங்கைக் கட்டிப் போட்டிருந்தது. ஏழை சரியாக முடிவெடுக்கத் தெரியாதவன் என்று மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பேசியே பழகியவர்களுக்கு அந்த ஆய்வு ஓர் அறை. எனக்கு அது வேறொன்றையும் சொன்னது. ஊடிய மனைவியைத் தேடி நடந்த மன்னனும் மார்ச் மாதத்து மேலாளரும் அறுவடைக்கு முந்தைய மனத்தோடு இருந்தவர்கள். மறுநாள் காலை அத்தாணி மண்டபத்தில், அமைச்சர் சூழ அமர்ந்திருந்தபோது அதே பொற்கொல்லன் வந்திருந்தால், அதே நெடுஞ்செழியன் நாலு கேள்வி கேட்டிருப்பான் என்றே நம்புகிறேன்.

கதையில் இன்னொரு முடிவும் உண்டு, அதைப் பற்றி மேடைகளில் பேசுவது குறைவு. நெடுஞ்செழியன் இறந்த பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுத்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அந்தத் தொழில் செய்த ஆயிரம் பேர். முதல் மன்னன் விசாரிக்காமல் கொன்றது ஒருவனை, அதற்குப் பரிகாரம் தேடியவன் விசாரிக்காமல் கொன்றது ஆயிரவரை. மூன்று பூட்டிய வீடுகளை வைத்து நான்காவது வீட்டைத் தீர்மானித்த என் கணக்கும் இதே வாய்பாட்டில் போட்டதுதான். உரைகல்லோடு உட்கார்ந்திருந்த எங்கள் மதிப்பீட்டாளரின் நேர்மையை முதலிலேயே சொன்னது இதற்காக. எங்கள் கிளையில் நடந்த பிழையில் அவருக்குப் பங்கில்லை. அவர் பொன்னின் மாற்றைச் சரியாகச் சொன்னார். நகைக்குரியவர் எங்கே என்று கேட்க வேண்டியவன் நான்.

இதே மதுரையில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு நிறுவனமும் உண்டு. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன ஒருவர், அந்த விரல்களாலேயே அறுவைக் கருவி பிடிக்கக் கற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கான கண்களைத் திறந்துவிட்டார். காசு கொடுக்க முடிந்தவர் கொடுப்பது, முடியாதவருக்கு இலவசம், ஊர் ஊராக முகாம். பள்ளிக்கூட வராந்தாவில் துணிப்பையும் கையுமாகப் பெரியவர்கள் வரிசையில் நிற்கும் காட்சியை இந்தச் சமவெளியில் பார்க்காத ஊர் அநேகமாக இருக்காது. அந்த வரிசையைப் பார்க்கிற எந்த நிர்வாகியும் நம் திட்டம் வெற்றி என்றுதான் முடிவு கட்டுவார். வரிசை நீளுகிறது, அறுவை எண்ணிக்கை ஏறுகிறது, வேறென்ன வேண்டும்?

ஆனால் வரிசையில் நிற்பவர்களை எண்ணுவதை விட்டு, கிராமங்களுக்குள் போய், நிற்காதவர்களை எண்ணிப் பார்த்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வின்படி, கண்ணில் குறையுள்ளவர்களில் முகாமுக்கு வந்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. அரவிந்த் நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்த ஆர்.டி. துளசிராஜ் ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர். தன் நிறுவனத்தின் மிகப் பெருமைக்குரிய வேலை தொண்ணூற்று மூன்று பேரைத் தொடவில்லை என்ற கணக்கின் அடியில் ஒரு நிர்வாகி தன் பெயரைப் போடுகிறார். நான் போட்ட கையெழுத்தையும் அவர் போட்டதையும் பக்கத்தில் வைத்துப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வராததற்குக் காரணங்கள் வீட்டுக்குள் இருந்தன. அறுவை இலவசம்தான், ஆனால் கூடவரும் மகனுக்கு அன்றைய கூலி போகும். போக வரச் செலவு, சாப்பாடு. கண்ணில் கத்தி வைத்தால் உள்ள பார்வையும் போய்விடுமோ என்ற பயம். ஆடு மாட்டை யார் பார்ப்பது. இந்த வயசுக்கு இது போதும் என்கிற ஒதுக்கம், சில வீடுகளில் அது கிழவியின் வாயில் வரும் மகனின் சொல். ஒவ்வொன்றும் நியாயமான காரணம், ஒன்றுகூட வரிசையில் வந்து நின்று தன்னைச் சொல்லிக்கொள்ளாது. முகாமுக்கு வந்தவர்களிடம் எத்தனை கருத்துப் படிவம் நிரப்பி வாங்கினாலும் இவை அதில் ஏறாது. ஆய்வுக்குப் பிந்தைய ஆண்டுகளில் அரவிந்த் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைச் சோதிப்பார்கள், மருத்துவர் கணினித் திரையில் பேசுவார். இன்று அவை நூற்றுக்கு மேல். ஊருக்குப் பக்கத்தில் இருப்பதால் மகனின் கூலி மிச்சம்.

சிலப்பதிகாரத்துக்குள்ளேயே கேட்டு அறிந்த பாண்டியன் ஒருவனும் இருக்கிறான். கட்டுரைக் காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு அந்தக் கதையைச் சொல்கிறது. வார்த்திகன் என்ற அந்தணனின் சிறுமகன், பராசரன் என்பவனிடம் பரிசாகப் பெற்ற நகைகளைப் பூண்டு நிற்கிறான். ஏழை வீட்டில் இவ்வளவு பொன்னா, புதையல் எடுத்திருப்பான் என்று அரச ஊழியர் வார்த்திகனைச் சிறையில் தள்ளிவிடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புரள்கிறாள். ஐயை கோயில் கதவு அன்று திறக்கவில்லை. மன்னன் அதைக் கேட்டு, என் ஆட்சியில் என்ன முறை பிழைத்தது என்று விசாரிக்கிறான். உண்மை தெரிந்ததும் வார்த்திகனை விடுவித்து, வயலூரையும் தண்காலையும் கொடுத்து, நிலத்தில் விழுந்து பொறுத்தருளக் கேட்கிறான். அந்தத் தண்கால், சிவகாசிக்குப் பக்கத்துத் திருத்தங்கல்தான் என்பார்கள். ஊழியர் செய்த பிழைதான், நகையை வைத்து ஆளைத் தீர்மானித்த அதே பிழை. இங்கே ஒரு கதவு அடைத்துக்கொண்டு மன்னனை நிறுத்தியது. நிற்கவும் அவன் தயாராக இருந்தான்.

என் மேசையில் அப்படி அடைக்கக்கூடிய கதவு ஒன்றை அடுத்த வருஷத்திலிருந்து வைத்துக்கொண்டேன். ஏலப் பட்டியல் வந்ததும் பியூனையும் காசாளரையும் மதிப்பீட்டாளரையும் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். இவரைத் தெரியுமா, இப்போது எங்கே இருக்கிறார்? ஒரு பட்டியலுக்குக் கால் மணி நேரம் ஆகும். முதல் முறை இருபத்தொரு பெயரில் எட்டுப் பேரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார், ஒருவர் இறந்து பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை. ஐந்து பேர் தகவல் போன ஒரு வாரத்துக்குள் வந்து நகையைத் திருப்பிக்கொண்டார்கள். பியூன் முதலில் உட்கார மறுத்தார். மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவர் வாய் திறக்கும் என்பதை நான் கண்டுகொள்ள மூன்று பட்டியல் ஆயின.

அந்த மூதாட்டி வந்தது 2004 மே மாதம், அழகர் மலைக்குத் திரும்பிய வாரம். முந்தியில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து மேசையில் வைத்தார். அசலும் வட்டியும் கணக்காக இருந்தது. திருப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம், பிள்ளை எடை குறைந்து பிறந்ததால் நாலு மாதம் அங்கேயே தங்கிவிட்டதாகச் சொன்னார். பால் மாடு ஒன்றை விற்றுப் பணம் கொண்டுவந்திருந்தார். நான் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நகை ஏலத்தில் போய்விட்டது, கடன் போக மீதிப் பணம் உங்கள் பெயரில் இருக்கிறது என்று சொன்னேன்.

"முங்கிப் போச்சா?" என்றார்.

நான் தலையசைத்தேன். பியூன் வாசலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் அறைக்கு வந்து, "அவுக மக பிரசவத்துக்குப் போயிருக்குறது எனக்குத் தெரியும் சார். கேட்ருந்தா சொல்லியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

மீதிப் பணத்துக்கான சீட்டில் கைநாட்டு வைத்துவிட்டும் மூதாட்டி போகவில்லை. மதிப்பீட்டாளரின் பலகைக்கு எதிரே போய் நின்றார். வளர்த்த காது இரண்டும் வெறும் தோல் வளையமாகத் தொங்கின.

"எங்காத்தா காதுல கெடந்தது அது. உருக்கியிருப்பாகளோ, அய்யா?"

மதிப்பீட்டாளர் என்னைப் பார்த்தார்.